சிவப்பு வீட்டுக்குச் சிமென்ட் பூசச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் லண்டனை ஒட்டிய பெக்ஸ்லிஹீத்தில் உள்ள 'ரெட் ஹவுஸ்' என்னும் சிவப்பு வீட்டைப் பற்றிய கட்டுரை படித்தோம். ஆட்களின் பெயரும் ஆண்டுகளும் சரியாகவே இருந்தன. ஆனால் வீட்டின் பாணியைப் பற்றிச் சொன்னது சரியில்லை. அதன் அழகையெல்லாம் அலங்காரம் என்று எழுதியது பாதி உண்மை. கட்டுரையின் ஓரத்தில் கட்டம் போட்டு 'பழைய செங்கல் வீட்டைப் பராமரிக்க' என்று கொடுத்த யோசனைகளோ ஆபத்தானவை. ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையால் செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளை அடைத்து, மேலே சிலிக்கான் திரவம் அடிக்கச் சொல்கின்றன அவை. அப்படிச் செய்தால், ஒன்றரை நூற்றாண்டு தாங்கிய சுவர் சில குளிர்காலங்களிலேயே முகம் உதிர்க்கத் தொடங்கும். ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த வீடு கட்டப்பட்ட விதத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் தனக்காகவும் புதிதாக மணந்த மனைவி ஜேனுக்காகவும் 1859-இல் கட்டத் தொடங்கிய வீடு இது. வரைந்தவர் பிலிப் வெப். தனியாகத் தொழில் தொடங்கிய வெப்பின் முதல் வீடு இதுதான்; அப்போது அவருக்கு 28 வயது, மாரிஸுக்கு 25. இருவரும் அதற்குமுன் ஆக்ஸ்போர்டில் ஜி. இ. ஸ்ட்ரீட் என்ற கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 1860-இல் குடியேறிய மாரிஸ் 1865-இல் வெளியேறி, மறு ஆண்டு வீட்டை விற்றார். பல கை மாறி, 1952 முதல் எட்வர்ட் ஹாலம்பி என்ற கட்டடக்கலைஞரின் குடும்பம் காத்து வைத்திருந்தது. 2003-இல், பழங்கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டிடம் வந்து சேர்ந்தது.

கட்டுரை இதை 'டியூடர் மறுமலர்ச்சி வீடு' என்கிறது. டியூடர் என்பது பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட அரச மரபு. டியூடர் மறுமலர்ச்சி என்றால் வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பு மரச்சட்டம் தெரியும் முகப்பு என்றுதான் பொதுவாகப் பொருள். சிவப்பு வீட்டில் அப்படி ஒரு சட்டம் கூட இல்லை. வெப்பின் முன்மாதிரி வேறு. வில்லியம் பட்டர்ஃபீல்டும் ஸ்ட்ரீட்டும் 1840-களிலும் 50-களிலும் கட்டிய பாதிரியார் இல்லங்கள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றின் எளிய கோதிக் பாணியையும் (கூரிய வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணி), கென்ட் வட்டாரத்துப் பண்ணை வீடுகளின் செங்கல்–ஓட்டு வேலையையும் சேர்த்தே இதைச் செய்தார். பழைய ஆங்கிலக் கட்டட மரபை மீட்டெடுத்த வீடு என்பது உண்மை. ஆனால் மீட்டெடுத்தது வேலை செய்யும் முறையை, மேலே ஒட்டும் வேடத்தை அன்று. வேடம் பார்க்க வேண்டுமென்றால் அதே தெருக்களில் நடந்தாலே போதும். சிவப்பு வீட்டைச் சுற்றியிருந்த வயலும் தோப்பும் 1930-களில் புறநகராயின. அக்காலத்து லண்டன் புறநகர் வீடுகளின் முகப்புகளில் ஒரு அங்குலப் பலகைகளை ஆணியடித்து, கறுப்புச் சாயம் பூசி, டியூடர் என்றார்கள். உண்மையான டியூடர் வீட்டில் அந்தச் சட்டம்தான் கூரையைத் தாங்கும். ஒட்டுப் பலகையோ பாரம் எதையும் தாங்காது. பின்னால் மழைநீர் தேங்கி, ஆணியைச் சுற்றி முதலில் மக்கும்.

இனி சுவருக்கு வருவோம். செங்கல்லின் நீளப்பக்கம் வெளியே தெரிய வைத்தால் அது ஸ்ட்ரெச்சர். தலைப்பக்கம் மட்டும் தெரிய, உடம்பு சுவருக்குள் போகும்படி வைத்தால் ஹெட்டர். ஒரு வரிசை முழுக்க ஸ்ட்ரெச்சர், அடுத்த வரிசை முழுக்க ஹெட்டர் என்று மாற்றி மாற்றி ஏற்றுவது இங்கிலீஷ் பாண்டு. ஒரே வரிசைக்குள் ஒன்று நீளம், ஒன்று தலை என்று மாற்றி வைப்பது பிளெமிஷ் பாண்டு. நம் பாலிடெக்னிக் மாணவர்கள் இன்றைக்கும் தேர்வில் வரைந்து காட்டும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை போன்ற டியூடர் காலச் செங்கல் கட்டடங்கள் இங்கிலீஷ் பாண்டில் எழுந்தவை. 1631-இல் கட்டிய கியூ அரண்மனையை ஒட்டிய காலத்தில் பிளெமிஷ் பாண்டு உள்ளே வந்தது. பிறகு இரண்டு நூற்றாண்டுகள் நகரத்து வீட்டு முகப்பெல்லாம் அதுதான். வெப் திரும்பவும் இங்கிலீஷ் பாண்டுக்குப் போனார்.

போனதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆங்கிலச் செங்கல் இணைப்பையும் சேர்த்தால் 9 அங்குல நீளம், 4½ அகலம், 3 உயரம். அந்த அளவில் ஒரு சதுர மீட்டர் முகப்புக்குப் பிளெமிஷ் பாண்டில் சுமார் 77 முகப்புக்கல் போதும். இங்கிலீஷ் பாண்டில் 86 வேண்டும். நல்ல நிறமும் கூர்விளிம்பும் உள்ள முகப்புக்கல் சாதாரணக் கல்லைவிட விலை கூடுதல் என்பதால், விற்பதற்கென்று வீடு கட்டியவர்களுக்குப் பிளெமிஷ் பிடித்துப்போனது. அதிலும் பலர் இன்னொரு தந்திரம் செய்தார்கள். ஹெட்டர் கல்லைப் பாதியாக உடைத்து, ஒன்றை இரண்டாக்கி வெளியே வைத்தார்கள். பார்வைக்கு முழுக் கல் உள்ளே போவதுபோலத் தெரியும். உண்மையில் நாலரை அங்குல வெளித்தோல் உட்சுவரோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். லண்டனின் பழைய ஜார்ஜியன் (பதினெட்டாம் நூற்றாண்டை ஒட்டிய) வீடுகளில் முகப்பு வயிறு தள்ளுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முழு ஹெட்டரை வரிசைக்கு வரிசை உள்ளே விட்டுக் கட்டும் இங்கிலீஷ் பாண்டில் சுவருக்குள் மேலிருந்து கீழாக ஓடும் நேர் இணைப்பு எங்கும் விழாது. மூலைக்கல்லை அடுத்து 2¼ அங்குல அகலத்தில் ஒரு துண்டு வைப்பார்கள். அதற்குக் குயின் குளோசர் என்று பெயர். மேல்வரிசை இணைப்பு கீழ்வரிசை இணைப்பிலிருந்து கால் கல் தள்ளியே விழ வேண்டும்; அந்தக் கால்கல் மேற்பொருத்தம் வரிசை முழுக்கப் போய்ச் சேர்வது இந்தத் துண்டால்தான். அதை மறந்துவிட்டால் மூலையிலிருந்து இரண்டாவது கல்லிலேயே இணைப்பு மேல் இணைப்பு விழுந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1784 முதல் செங்கல்லுக்கு வரி இருந்தது. ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸில் தொடங்கி ஏறிக்கொண்டே போனது. அந்த வரி 1850-இல் ஒழிந்தது. மாரிஸ் அஸ்திவாரம் போடும்போது வரி போய் ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. பணக்காரர் வீடென்றால் கல்லோ, கல்போலத் தோன்றும் ஸ்டக்கோ பூச்சோ என்றிருந்த காலத்தில், செங்கல்லை மூடாமல் விட்டு அதையே வீட்டின் பெயருக்கும் காரணமாக்கியது துணிச்சல்தான்.

ஜன்னல்களைக் கட்டுரை 'கோதிக் அலங்காரம்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் இந்த வீட்டின் மூளையே அங்குதான் இருக்கிறது. சுவரில் விட்ட திறப்புக்கு மேலே கூரிய செங்கல் வளைவு. அதற்குக் கீழே ஜன்னல் சட்டமோ தட்டையான தலை கொண்ட சாதாரண ஏறியிறங்கும் ஸாஷ். இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தைச் சற்றே உள்ளே தள்ளிச் செங்கல்லால் நிரப்பியிருக்கிறார்கள். மேலேயிருந்து வரும் பாரத்தை வளைவு இருபுறமும் பிரித்துக் கொடுத்துவிடும். நிரப்புக் கல்லுக்கும் மரச்சட்டத்துக்கும் பாரமே இல்லை. ஆகவே சட்டம் மக்கினால் சுவரைத் தொடாமல் கழற்றி மாற்றலாம். கோதிக் வளைவையும் பதினெட்டாம் நூற்றாண்டு ஸாஷ் ஜன்னலையும் ஒரே திறப்பில் வைப்பது பாணி சுத்தம் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும். காற்றை வேண்டிய அளவு விட ஸாஷ் நல்லது, பாரம் தாங்க வளைவு நல்லது என்று வெப் இரண்டையும் எடுத்துக்கொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல்கள் ஒழுங்கில்லாமல் சிதறினாற்போல் இருக்கும். உள்ளே அந்தந்த அறைக்கு எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே திறந்ததுதான் காரணம். மாடி நடையில் மட்டும் வட்ட ஜன்னல்கள்; நடந்து போகிற இடத்துக்கு அவ்வளவு வெளிச்சம் போதும்.

கூரை செங்குத்தாக இருப்பதும் அழகுக்கு மட்டுமல்ல. ஆங்கிலத் தட்டை ஓடு 10½ அங்குல நீளமும் 6½ அங்குல அகலமும் கொண்டது. நம் மங்களூர் ஓடுபோல ஒன்றுக்குள் ஒன்று கவ்வும் பள்ளம் அதில் கிடையாது. வெறுமனே ஒன்றன்மேல் ஒன்று படுக்க வேண்டியதுதான். அதனால் வரிசைக்கு 4 அங்குலம் மட்டும் வெளியே தெரிய விட்டு, மீதியை மேல் வரிசைகளால் மூடுவார்கள். எந்த இடத்தில் குத்திப் பார்த்தாலும் குறைந்தது இரண்டு ஓட்டுக் கனம் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 60 ஓடு. கையால் செய்த ஓடு லேசாக வளைந்தே இருக்கும் என்பதால் சரிவு 40 பாகைக்குக் குறையக்கூடாது. குறைந்தால் காற்று மழைநீரை ஓட்டுக்கடியில் மேல்நோக்கித் தள்ளிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் படத்தைப் பார்த்து 25 பாகைச் சரிவில் தட்டை ஓடு பதித்துவிட்டு ஒழுகுகிறது என்று புலம்புவது வழக்கமாகிவிட்டது.

புகைபோக்கிகளின் உயரத்துக்கும் அதே கதைதான். உள்ளே இருக்கும் சூடான காற்றுக்கும் வெளிக்குளிருக்கும் உள்ள எடை வித்தியாசமே புகையை இழுக்கிறது. உயரம் கூடினால் இழுப்பு கூடும். கூரை முகட்டுக்குக் கீழே வாய் இருந்தால் காற்று சுழன்று புகையை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும். பழைய ஆங்கிலப் புகைக்குழாய்களின் உட்புறம் சுண்ணாம்போடு மாட்டுச்சாணம் கலந்து பூசப்பட்டது என்பது நம்மவர்களுக்கு வியப்பாக இருக்காது. புகைபோக்கிதான் முதலில் கெடும் உறுப்பு. நாலு பக்கமும் மழை, உள்ளே கரியில் கந்தகம். அங்கே சிமென்ட் கலவை போட்டால் கந்தக உப்பு சிமென்ட்டோடு வினைபுரிந்து இணைப்பு வீங்கும். மழையடிக்கும் பக்கம் அதிகம் நனைவதால் அந்தப் பக்கம் அதிகம் வீங்கி, புகைபோக்கி எதிர்ப்பக்கம் மெல்லச் சாயும். சாய்ந்த புகைபோக்கியைக் கண்டால் அஸ்திவாரத்தைத் தோண்டுவதற்குமுன் அதன் இணைப்புகளைப் பாருங்கள்.

குறையில்லாத வீடு என்று எண்ண வேண்டாம். ஆங்கில எழுத்தான எல் வடிவத்தில் இரண்டு கைகள். உள்மூலையில் கிணறு, அதன்மேல் கூம்பு ஓட்டுக் கூரை. முற்றத்துப் பக்கம் நடைகள் ஓடுவதால் சாப்பாட்டறையும் மாடியின் பெரிய வரவேற்பறையும் வடக்கு நோக்கி அமைந்துவிட்டன. நம் ஊரில் வடக்கு ஜன்னல் வரம். வெயிலைத் தேடி அலையும் அந்த நாட்டில் அது சில்லிட்ட அறை. சமையலறைக்கு மட்டும் மேற்கு வெயிலும் தோட்டக் காட்சியும் கிடைத்தன. வேலைக்காரர் பகுதியை இருட்டில் ஒளித்து வைத்த அந்தக் காலத்துக்கு இது புதுமை. 1864-இல் மாரிஸின் நண்பரான ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் குடும்பத்துக்காக இன்னொரு கையைச் சேர்க்க வெப் வரைபடம் போட்டுக் கொடுத்தார். அது கட்டப்படவே இல்லை.

உட்சுவர் ஓவியங்களைப் பற்றி நீளமாக எழுதிய கட்டுரை, அவை மங்கிப் போனதற்குக் காரணம் சொல்லவில்லை. காரணம் செங்கல் வேலையைச் சேர்ந்தது. மாரிஸும் பர்ன்-ஜோன்ஸும் நண்பர்களும் 1857-இல் ஆக்ஸ்போர்டு யூனியன் கட்டடத்தில் தீட்டிய ஓவியங்கள் சில ஆண்டுகளிலேயே மங்கின. புதுச் சுவர், ஈரம் காயவில்லை. செங்கல்லின் மேல் வெள்ளையடித்து, தளமே கட்டாமல் நேராக வண்ணம் தீட்டிவிட்டார்கள். சுவரிலிருந்து வெளியேறும் ஈரம் உப்பைக் கூட்டிக்கொண்டு வந்து வண்ணத்தை உள்ளிருந்து தள்ளியது. சிவப்பு வீட்டில் விதானங்களுக்கு அவர்கள் கையாண்ட முறை அதைவிடக் கெட்டி. சாந்து ஈரமாக இருக்கும்போதே கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் சிறு துளைகளைக் குத்தி வடிவத்தைப் பதித்துவிட்டார்கள். வண்ணம் போனாலும் துளை போகாது. பின்னால் வருகிறவர் அதைத் தொட்டுக்கொண்டே மீண்டும் தீட்டலாம். அந்தத் துளைகள் இன்றும் இருக்கின்றன. படுக்கையறையில் அலமாரிக்கும் பிற்காலச் சுவர்த்தாளுக்கும் பின்னால் மறைந்திருந்த ஒரு முழுச் சுவரோவியம் 2013-இல் வெளிப்பட்டது; பைபிள் பாத்திரங்கள், பலர் கை சேர்ந்தது. யாராவது 'ஓதம்' என்று சொல்லி அந்தச் சுவரைக் கொத்திச் சிமென்ட் பூசியிருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்காது.

இப்போது அந்தக் கட்டம் போட்ட யோசனைக்கு வருகிறோம். போர்ட்லண்ட் சிமென்ட் 1824-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டது. சிவப்பு வீடு எழும்பிய அதே 1859-இல் லண்டன் பாதாளச் சாக்கடைக்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் வீட்டுச் சுவருக்குச் சாந்து என்றால் அன்றைக்குச் சுண்ணாம்புதான். சூளையில் குறைந்த சூட்டில் வெந்த மென்மையான கல், அதைவிட மென்மையான சாந்து. இந்த ஏற்பாட்டில் சாந்துதான் விட்டுக்கொடுக்கும். சுவர் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது சாந்து அந்த அசைவை வாங்கிக்கொள்ளும். மழையில் குடித்த நீரைச் சுவர் இணைப்பு வழியாகவே வெளியே விடும். நீர் போகிற வழியில் உப்பும் போகும். உதிர்வதானாலும் இணைப்புதான் உதிரும். ஐம்பது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றினால் கல் அப்படியே இருக்கும்.

அந்த இடத்தில் சிமென்ட்டை அடையுங்கள். கடைகளில் கிடைக்கும் 53 கிரேடு சிமென்ட் என்றால் 28 நாள் சோதனையில் 53 மெகா பாஸ்கல் தாங்குவது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட சுவர்களுக்கு அதிகம் பயன்படும் இயற்கை நீர்ச்சுண்ணாம்பின் தரம் 3.5, அதாவது அதே சோதனையில் குறைந்தபட்சம் மூன்றரை மெகா பாஸ்கல். இணைப்பு கல்லைவிடக் கெட்டியாகிவிட்டால் அசைவைக் கல்தான் வாங்க வேண்டும், விளிம்பு தெறிக்கும். சிமென்ட் நீரை விடாததால் ஈரம் கல்லின் முகம் வழியாகவே வெளியேறும். உப்பும் அங்கேயே படிகமாகும். ஆங்கிலக் குளிரில் அந்த ஈரம் உறைந்து ஒன்பது சதவீதம் பருக்கும்போது, சூளையில் நன்றாக வெந்த மேல்தோல் சில்லுச் சில்லாகப் பெயரும். உள்ளேயிருக்கும் வேகாத பகுதி பிறகு மழையில் கரைவது வேகமாக நடக்கும். சில ஆண்டு கழித்துப் பார்த்தால் கற்கள் உள்வாங்கி, சிமென்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துச் 'சிமென்ட் எவ்வளவு உறுதி பாருங்கள்' என்று சொல்பவர்களும் உண்டு!

இதில் கசப்பான ஒரு வேடிக்கை இருக்கிறது. பழங்கட்டடங்களைச் சுரண்டிப் புதிதாக்குவதை எதிர்த்து 1877-இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் இதே மாரிஸும் வெப்பும். ஒழுகும் கூரையை உடனுக்குடன் அடை, சாயும் சுவருக்கு முட்டுக் கொடு, அதற்குமேல் கை வைக்காதே என்பதே அவர்கள் கொள்கை. சுரண்டலுக்கு எதிரி என்று அவர்களே சங்கத்துக்குச் செல்லப்பெயரும் வைத்துக்கொண்டார்கள். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் என்று இன்றுவரை ஓயாமல் சொல்லி வருவதும் அந்தச் சங்கம்தான். அவர்கள் வீட்டுப் படத்தைப் போட்டுப் பக்கத்திலேயே சிமென்ட் யோசனை அச்சிட்டிருக்கிறீர்கள்.

சரியான முறையைச் சொல்லாமல் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. இணைப்பு எல்லாவற்றையும் கிளற வேண்டியதில்லை. கையால் தடவினால் உதிர்கிற, அல்லது இணைப்பகலத்தின் அளவுக்கு மேல் உள்வாங்கிய இடங்களை மட்டும் எடுக்க வேண்டும். எடுப்பது சுத்தியலும் மெல்லிய உளியும் கொண்டு. மின்சாரக் கட்டர் வேண்டாம். செங்குத்து இணைப்பு 3 அங்குலம்தான், தகடு நிற்பதற்குள் மேலும் கீழும் உள்ள கல்லை அறுத்துவிடும். ஆழம் இணைப்பகலத்தைப்போல் இரண்டு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல். மூலை சதுரமாக இருக்க வேண்டும். அரை அங்குலம் மட்டும் கீறி மேலே அப்பினால் அடுத்த ஆண்டே பட்டையாக விழும். தூசியைத் தூரிகையால் தட்டி, தண்ணீர் தெளிக்க வேண்டும். முதல் நாள் மாலை ஒருமுறை, வேலை தொடங்குமுன் ஒருமுறை. உலர்ந்த செங்கல் சாந்திலிருந்து நீரை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு இறுகாமல் மாவாகிவிடும். நீர் பளபளத்து நின்றாலும் கூடாது.

கலவை ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். இந்த விகிதம் எங்கிருந்தோ வந்ததல்ல. நல்ல மணலில் மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதை நிரப்பத்தான் சுண்ணாம்பு. மணலில் பெருமணியும் சிறுமணியும் கலந்திருக்க வேண்டும். ஒரே அளவு பொடிமணலானால் சாந்து சுருங்கி வெடிக்கும். களிமண் கலந்திருந்தாலும் அப்படியே. கலவை உருட்டினால் உருண்டையாக நிற்கும் கெட்டியில் இருக்கட்டும். தளர்ந்தால் கல்லின் முகத்தில் வழிந்து வெள்ளைக் கறை பிடிக்கும். இணைப்பை விடச் சற்றே குறுகலான இரும்புக் கரண்டியால் உள்ளிருந்து அழுத்தி நிரப்பி, முகத்தோடு முகமாகவோ ஒரு நூல் உள்ளேயோ நிறுத்த வேண்டும். விளிம்பு தேய்ந்த பழைய கல்லின்மேல் சாந்தை இழுத்துவிட்டால் மெல்லிய இறகாகி முதல் மழையிலேயே பெயர்ந்துவிடும். கட்டைவிரல் அழுத்தினால் பதியாமல், நகம் கீறினால் மட்டும் பதியும் பக்குவம் வந்ததும் கெட்டித் தூரிகையால் குத்திக் குத்தித் தட்டினால் மேற்பாலாடை நீங்கி மணல் தெரியும். ஈரம் வெளியேற வழி அது. பிறகு ஈரச் சாக்கு. இங்கிலாந்தில் வெப்பம் 5 பாகைக்குக் கீழே இறங்கும் பருவத்தில் இந்த வேலையைத் தொடுவதில்லை. நம் ஊரில் பயம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: மேற்குச் சுவரை மதிய வெயிலில் செய்யக்கூடாது, சாக்கை ஒரு வாரமாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிலிக்கான் திரவம் பற்றி இவ்வளவு போதும்: அது மழைத்துளியைத் தடுக்கும், ஆனால் தரையிலிருந்து ஏறும் ஓதத்தையோ மேலே உடைந்த பீலியிலிருந்து (கூரைநீரை வடிக்கும் வாய்க்கால்) சுவருக்குள் இறங்கும் நீரையோ தடுக்காது. உள்ளே போன நீர் ஆவியாக வெளியேறிவிட, உப்பு மட்டும் பூச்சுக்குப் பின்னால் தேங்கிப் படிகமாகி, பூச்சுப் பட்ட தோலையே கழற்றும். பீலியில் இலை அள்ளுவதற்கும், சுவரோரத் தரைமட்டத்தை உள்தளத்துக்கு அரையடி கீழே வைப்பதற்கும் ஆகும் செலவு அந்த டப்பாவின் விலையைவிடக் குறைவு.

கட்டுரையை வாசித்துவிட்டுத் தங்கள் பழைய செங்கல் வீட்டுக்கு வேலை பார்க்கப் போகிற தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒன்று. சென்னையின் உயர் நீதிமன்றமும் விக்டோரியா பொது மண்டபமும் பாணியில் சிவப்பு வீட்டுக்குத் தூரத்து உறவுகூட இல்லை. ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த செங்கல் என்ற வகையில் ஒரே நோய், ஒரே மருந்து. இங்கே பனி இல்லை, கடற்காற்றின் உப்பு அதன் வேலையைச் செய்கிறது. நம் கிளிஞ்சல் சுண்ணாம்பு சுத்தமானது. காற்றை வாங்கித்தான் இறுகும், நீருக்குள் இறுகாது. மழையடிக்கும் சுவருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் செங்கல் தூளான சுர்க்கி சேர்த்தால் அந்தக் குறை தீரும். குறைந்த சூட்டில் வெந்த கல்லின் தூளே வேலை செய்யும். கருக வெந்த கல்லை இடித்தால் அது வெறும் மணல்தான். எம் சாண்ட் போடுவதானால் கழுவி, சலித்து, தூளை நீக்கியபிறகு போடுங்கள். முழுச் சுவரையும் தொடுமுன் கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சதுர மீட்டர் செய்து, காய்ந்த நிறத்தைப் பழைய சாந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே சிமென்ட் அடைத்துவிட்டவர்கள் பதறிப்போய் மறுநாளே ஆளைக் கூப்பிட்டுக் கொத்த வேண்டாம். கல்லோடு இறுகப் பிடித்திருக்கும் சிமென்ட்டைப் பெயர்த்தால் கல்லின் விளிம்பும் கூடவே வரும். சிமென்ட் செய்வதைவிட அதிகக் கேட்டை உளி ஒரே நாளில் செய்துவிடும். இணைப்பில் மயிரிழை வெடிப்பு ஓடி, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடையுங்கள். மற்றவை தாமாகத் தளரும்வரை விட்டுவைத்து, ஆண்டுக்கொருமுறை மழைக்காலம் முடிந்ததும் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால் போதும். இந்தத் திருத்தத்தையும், அந்தக் கட்டம் வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்புப் பணியில் உள்ள பொறியாளர்களும் கொத்தனார்களும்,
திருச்சிராப்பள்ளி